வாசற்படி தாண்டிய தொழில்

தாயில்பட்டி என்னும் ஊரின் பெயரைத் தமிழகத்தின் பிற பகுதிகளில் வாழ்வோர் பெரும்பாலும் நாளிதழ்களின் விபத்துச் செய்திகளிலேதான் கண்டிருப்பர். ஓர் ஊருக்கு நேரக்கூடிய துயரங்களுள் இதுவும் ஒன்று. எந்த ஊருக்கும் அதற்கென்று பிறப்பும் திருமணமும் உண்டு. நல்லது கெட்டதுகளில் கூடிக்கொள்ளும் தெருக்களும் உறவுகளும் உண்டு. அவையெல்லாம் வெளியுலகுக்குத் தெரிவதில்லை. வெடித்த நாள் மட்டுமே தெரிகிறது.

2021ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் தாயில்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்து, அப்பகுதியில் அதற்கு முன் நிகழ்ந்த பல விபத்துகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. அது தொழிற்சாலையில் நிகழவில்லை; குடியிருப்பு வீடு ஒன்றில் நிகழ்ந்தது. அங்கே உரிமம் இன்றிப் பட்டாசு செய்யப்பட்டு வந்தது. இறந்தோருள் ஒரு சிறுவனும் இருந்தான். சமையலும் உறக்கமும் குழந்தையின் விளையாட்டும் நிகழ வேண்டிய இடத்தில் வெடிமருந்து எவ்வாறு வந்து அமர்ந்தது? இது ஒரு வீட்டாரின் அறியாமை என்றோ பேராசை என்றோ கூறிக் கடந்துவிடக் கூடிய கேள்வியன்று. இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. தொழில் வீட்டுக்குள் நுழைந்த வரலாறு அது. வீட்டிலிருந்தே உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்திலும் ஏராளமாக இருப்பதால், அவ்வரலாற்றை நாமும் அறிந்துகொள்வது நன்று.

கரிசல் தந்ததும் தராததும்

வெம்பக்கோட்டைப் பகுதி வைப்பாற்றங்கரையில் அமைந்த கரிசல் நிலம். வானம் பார்த்த பூமி என்று முன்னோர் கூறியது இதற்கு முழுவதும் பொருந்தும். மழை பெய்தால் பருத்தியும் சிறுதானியமும்; பொய்த்தால் வறட்சி. ஆயினும் கைத்தொழில் இம்மண்ணுக்குப் புதிதன்று. வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு தொடங்கித் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் பாசிமணிகளும் சுடுமண் பொருள்களும் மிகுதியாகக் கிடைத்தன. கடலிலிருந்து தொலைவில் இருந்தும் சங்கை வரவழைத்து, அறுத்து, வளையல் செய்த கைகள் பழங்காலத்திலேயே இங்கு இருந்தன. நிலம் போதிய அளவு தராதபோது மனிதன் தன் கையை நம்புகிறான். இந்த உண்மை இவ்வட்டாரத்தின் வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டு அடுப்புகளைப் பற்றவைத்த தீக்குச்சிகள் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. 1922இல் ஆங்கில அரசு தன் வருவாயைப் பெருக்கும் பொருட்டு இறக்குமதித் தீப்பெட்டிகளின் மீது குரோஸ் ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் வரி விதித்தது. அயல்நாட்டுச் சரக்கின் விலை ஏறவே, உள்நாட்டில் தீப்பெட்டி செய்வது ஆதாயம் தரும் தொழிலாயிற்று. அக்காலத்தில்தான் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கிற்று. பின்னர் இருவரும் தனித்தனியே நடத்திய தொழில்களின் ‘அணில்’, ‘காக்கா’ ஆகிய சின்னங்கள் தமிழகத்துச் சமையலறைகளிலெல்லாம் இடம்பெற்றன.

அதே 1923இல்தான் சுவீடன் நாட்டாரின் ‘விம்கோ’ நிறுவனமும் இந்தியாவில் கால் ஊன்றியது. அது பேரியந்திரங்களைக் கொண்டு தீப்பெட்டி செய்தது. அதனோடு போட்டியிடச் சிவகாசியாருக்கு இருந்த கருவி ஒன்றே. அது மனிதக் கை. வறண்ட வெயில் குச்சிகளை உலர்த்திற்று. வேலையின்றி இருந்த கிராமத்துக் குடும்பங்கள் கைகளைத் தந்தன. இவ்விரண்டையும் மூலதனமாகக் கொண்டே அந்தத் தொழில் வளர்ந்தது. 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. காலப்போக்கில், கையால் செய்வோருக்கும் இயந்திரத்தால் செய்வோருக்கும் இடையே வரியில் வேறுபாடு காட்டப்பட்டது. சிறு தொழிலைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். ஆனால் அதன் விளைவாகத் தொழில் பெரிய கூடங்களில் ஒன்றுசேராமல், சிறுசிறு கூடங்களாகச் சிதறிச் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை வரை பரவிற்று. தொழில் ஊரைத் தேடி வந்தது. பின்னர் வீட்டைத் தேடி வந்தது.

முற்றத்தில் அமர்ந்த வேலை

இவ்வட்டாரத்தில் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று எவரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றும் ‘பட்டாசு ஆபீஸ்’ என்றுமே சொல்வர். “ஆபீசுக்குப் போயிருக்கிறாள்” என்றால் அவள் கந்தகத் தூளின் நடுவே அமர்ந்திருக்கிறாள் என்று பொருள்.

தீப்பெட்டித் தொழிலில் ஆபீசில் நிகழ்பவை சில. வீட்டில் நிகழ்பவை சில. மரக் கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவது, அடுக்கிய குச்சிகளின் முனையை மெழுகிலும் மருந்திலும் முக்குவது, உலர்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்பது ஆகியவை ஆபீசு வேலைகள். பெட்டியைச் செய்வது வீட்டு வேலை. தாளும் பசையும் வீட்டுக்கு வரும். தாய் மடிப்பாள், மகள் ஒட்டுவாள், பாட்டி வெயிலில் பரப்புவாள். மாலையில் குரோஸ் கணக்கில் எண்ணிக் கொடுத்துக் கூலி பெறுவர். கணக்கு எண்ணிக்கைக்கே அன்றி, உழைத்த நேரத்துக்கு அன்று. உழைத்தவரின் வயதுக்கும் அன்று.

இதில் நன்மை இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியே செல்ல இயலாத பெண்ணுக்கு அது கையில் காசு தந்தது. மழை பொய்த்த ஆண்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தால்தான். மணமாகாத பெண்கள் பலர் தம் திருமணத்துக்கான நகையைத் தாமே சிறுகச் சிறுகச் சேர்த்தனர். தந்தையின் வாயையோ கணவனின் வாயையோ பார்த்திருந்த பெண், வீட்டுச் செலவில் ஒரு சொல் சொல்லும் உரிமையை இவ்வாறே பெற்றாள். கரிசல் கிராமங்களின் குடும்ப வாழ்வில் இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் எண்ணிக்கைக்குக் கூலி என்னும் முறை, வீட்டில் உள்ள ஒவ்வொரு கையையும் எண்ணிப் பார்க்கச் செய்கிறது. ஆறு கைகள் உழைத்தால் கூடுதல் கூலி. எட்டுக் கைகள் உழைத்தால் இன்னும் கூடுதல். ஏழாம் கையும் எட்டாம் கையும் எவருடையவை? பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளையுடையவை. பசை ஒட்டக் கற்ற பிள்ளை சில ஆண்டுகளில் குச்சி அடுக்கச் சென்றது. சிறுவிரல்கள் விரைவாக அடுக்கும் என்னும் பேச்சு எழுந்தது. முன்பணம் பெற்ற குடும்பத்தால் பிள்ளையை நிறுத்திக்கொள்ள இயலவில்லை. விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வரும். உறக்கம் கலையாத பிள்ளைகளைத் தாயர் எழுப்பித் தூக்குவாளியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவர். இருட்டிய பின்னரே அவர்கள் வீடு திரும்புவர்.

பிடி அரிசி கண்ட மண்

இந்நிலை எந்த மண்ணில் நிகழ்ந்தது என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு வருந்துகிறது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்யா சாலை என்னும் பள்ளியை ஊர் மக்கள் எழுப்பிய வகை தமிழகக் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. வீடுதோறும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அந்தப் பிடி அரிசி திரண்டு பள்ளியாயிற்று. வணிகர்கள் தம் வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பொதுக் காரியங்களுக்கு அளித்தனர். ஒரு சமுதாயம் தன் வீட்டுக் கதவுகளைக் கல்விக்காகத் திறந்துவைத்த காட்சி அது.

அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர் காமராஜர். 1903இல் விருதுநகரில் பிறந்த அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு மாமனின் துணிக்கடையில் நின்றார். வறுமை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து எவ்வாறு பிடுங்குகிறது என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். 1957இலும் 1962இலும் அவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி சாத்தூர். தாயில்பட்டியின் அண்டைப் பகுதி.

சோறு பள்ளியில் காத்திருந்தது. எனினும் பிள்ளைகளுள் பலர் வண்டியேறி ஆபீசுக்குச் சென்றனர். இதற்காகத் திட்டத்தைக் குறைகூறுதல் தகாது. பள்ளி ஒரு பிள்ளையின் ஒருவேளைப் பசியை ஆற்றிற்று. ஆனால் முன்பணக் கடன் குடும்பம் முழுவதன் கழுத்தையும் பிடித்திருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் கடன் எவ்வாறு தீரும் என்னும் கேள்விக்கு விடை கூறாத எந்தத் திட்டமும் பாதி வழியே செல்லும்.

கூடத்தை நோக்கிய சட்டம்

பட்டாசு, தீப்பெட்டிக்குப் பின் வந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னர், உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் அவற்றின் வளர்ச்சிக்குத் துணையாயிற்று. தீப்பெட்டியில் பழகிய கைகளும் உலர்ந்த காற்றும் ஆயத்தமாக இருந்தன. அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தது. ‘குட்டி ஜப்பான்’ என்னும் பெயரும் சிவகாசிக்கு வழங்கலாயிற்று.

பட்டாசு மருந்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது இங்கே தேவை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை தனித்தனியே இருக்கும்வரை அத்தனை அச்சமில்லை. கலந்துவிட்டால் ஓர் உராய்வு போதும். ஆணி பட்ட அதிர்ச்சி போதும். ஈரம் பட்டுச் சூடேறினாலும் போதும். வானில் சென்று வண்ணம் காட்டும் பேன்சி ரகங்களுக்கான மணிமருந்து இன்னும் கொடியது. ஆகையால்தான் விதிகள் மிகக் கண்டிப்பானவை. மருந்து கையாளும் அறைகள் ஒன்றுக்கொன்று விலகி இருக்க வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமரக் கூடாது. வெளியேற வழி அடைபடாமல் இருக்க வேண்டும். அன்று கலந்த மருந்தை அன்றே செலவிட வேண்டும், மிச்சம் வைத்தல் ஆகாது. மாவட்ட நிர்வாகம் தரும் சிறு உரிமம் முதல் நாகபுரியில் தலைமையகம் கொண்ட மத்திய வெடிபொருள் துறை தரும் பேருரிமம் வரை பல படிகள் உண்டு.

விதிகள் இருந்தும் விபத்துகள் நின்றபாடில்லை. 1991ஆம் ஆண்டு ஜூலையில் மீனம்பட்டியில் 39 பேர் இறந்தனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அங்கே முதல் வெடியோசை கேட்டு உதவ ஓடி வந்தோரும் பார்க்க வந்தோரும், அடுத்து நிகழ்ந்த பெருவெடியில் சிக்கினர். அண்டை அயலார்க்கு ஆபத்து என்றால் ஓடி வருவது நம் ஊர்களின் பண்பு. அப்பண்பே அன்று அவர்களின் உயிரை வாங்கியது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படும் காரணங்கள் சிலவே: அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, அறையை விட்டு மரத்தடியில் செய்யும் வேலை, உரிமம் பெற்றவர் அறைகளைப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடுதல்.

பிள்ளைகளின் நிலையும் நாட்டின் கவனத்துக்கு வந்தது. 1980களில் ஆய்வாளர்களும் இதழாளர்களும் சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எழுதினர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தொழில்களில் பிள்ளைகளை அமர்த்துவதை அது தடைசெய்தது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: ஒருவர் தம் குடும்பத்தாரின் துணையுடன் நடத்தும் பணியிடத்துக்கு அத்தடை பொருந்தாது. சட்டம் கூடத்தின் கதவைத் தட்டியது. வீட்டின் வாசற்படியில் நின்றுவிட்டது.

எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு முறை தீர்ப்பளித்தது. 1990 அக்டோபர் 31 அன்று அளித்த தீர்ப்பு, வெடிமருந்தோடு தொடர்புடைய வேலைகளில் பிள்ளைகளை ஈடுபடுத்தலாகாது என்றது; எனினும் அப்பால் நடக்கும் பொதிகட்டும் வேலையை, வயதுவந்தோர் கூலியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாத கூலியுடன் அனுமதித்தது. ஓராண்டு கழியுமுன் மீனம்பட்டி நிகழ்ந்தது. 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பு இன்னும் ஆழமாகச் சென்றது. அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், இயலாதாயின் அரசு 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. பிள்ளையை மீட்பதென்றால் குடும்பத்தையே மீட்க வேண்டும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

பள்ளிகளும் பெருகின, சிறப்புப் பள்ளிகள் வந்தன, பெற்றோரின் மனமும் மாறிற்று. ஆபீசு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும் சிறார் கூட்டம் கலைந்தது. இது இப்பகுதி மக்கள் அடைந்த உண்மையான வெற்றி. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடைசெய்தது. 18 வயது வரை வெடிபொருள் போன்ற அபாயத் தொழில்களை விலக்கியது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவலாம் என்னும் சலுகையை அத்திருத்தம் வைத்திருந்தாலும், அபாயமான தொழிலுக்கு அது கிடையாது.

மீண்டும் வீட்டுக்கே

எல்லாம் சீரானது போலத் தோன்றுகிறது. அவ்வாறாயின் 2021இல் தாயில்பட்டி வீட்டில் மருந்து இருந்தது ஏன்?

கூடத்தில் கண்காணிப்பு இறுகும்போது, கண்காணிப்பு இல்லாத இடத்தைத் தேடி வேலை செல்கிறது. அதைத் தேடும் தேவையும் இரு பக்கத்திலும் இருக்கிறது. உரிமம் இன்றிச் செய்விப்பவருக்குக் கட்டடச் செலவில்லை, காப்பீடில்லை, கணக்கில்லை. செய்பவருக்கோ, வண்டியேறிச் செல்ல முடியாத நிலை. வீட்டில் சிறு குழந்தை, அல்லது நோயுற்ற முதியவர். தீர்க்க வேண்டிய கடன். பட்டாசு வேலை ஆண்டு முழுதும் ஒரே சீராக இருப்பதுமில்லை. நாடெங்கும் தீபாவளி விளக்கேற்றி முடிந்த மறுநாள் இங்கே ஆபீசுகள் மூடிக்கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்த்தவும் இயலாது. பிறர் வீட்டுப் பண்டிகை முடிவது இவர்கள் வீட்டு வருவாய் முடிவது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் காற்று மாசைக் கருதிப் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தடையின் நோக்கத்தை எவரும் மறுக்க இயலாது. நகரத்துக் குழந்தையின் மூச்சும் உயிர்தான். ஆனால் சரவெடி பின்னுவது பெருவாரியான பெண்களின் வேலை. அதைத் தொடர்ந்து ஆலைகள் பல வாரங்கள் கதவடைத்தன. அடுத்து 2020இல் கொள்ளைநோய் வந்தது. தீப்பெட்டித் தொழிலும் முன்போல் இல்லை. இயந்திரங்கள் பெருகிக் கைவேலை சுருங்கிற்று. ஒரு பெட்டியின் விலை 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயாயிற்று. ஒரு ரூபாய்ப் பெட்டிக்குள் மரமும் மருந்தும் வரியும் போக்குவரத்தும் போகக் கூலிக்கு எஞ்சியது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை இல்லத்தரசியர் எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் பெட்டி ஒட்டியபோது அங்கே இருந்தவை தாளும் பசையுமே. வீட்டில் பட்டாசு செய்தபோது அங்கே மருந்து வந்தது. இரண்டும் ‘வீட்டு வேலை’ என்னும் ஒரே பெயரில் வழங்கியதுதான் பேராபத்து. நூறாண்டுப் பழக்கம் மக்களின் அச்சத்தைத் தேய்த்துவிட்டது. கூடத்தில் நால்வருக்கு மேல் அமரலாகாது என்று விதிக்கும் பொருளை, அடுப்பெரியும் வீட்டில், ஒரே வாசல் உள்ள அறையில், தவழும் குழந்தையின் அருகில் வைத்திருந்தனர்.

மேலப்பாளையம் கற்பிப்பது

இதனை நம் குடும்பங்களின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நெல்லைச் சீமையில் மேலப்பாளையம், கடையநல்லூர் முதலிய ஊர்களில் நம் மக்கள் தறியை நம்பி வாழ்ந்தனர். கைத்தறி நலிந்தபோது பீடி சுற்றுதல் வந்தது. அதுவும் வீட்டுக்குள் வந்த தொழிலே. வெளியே செல்லாத பெண்கள் மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பிச் சுற்றினர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றனர். அங்கும் தாயருகே மகள் அமர்ந்து கற்றாள். அங்கும் மகளின் திருமணச் செலவு தட்டிலிருந்தே பிறந்தது. புகையிலைத் தூள் நெஞ்சுக்குத் தீங்கு என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1966இல் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றது. 1976இல் பீடித் தொழிலாளருக்கென நல நிதிச் சட்டம் வந்தது. மருத்துவமனை, பிள்ளைகளின் கல்வி உதவி, வீடு கட்ட உதவி எனப் பல நன்மைகள் அதன்வழி கிடைத்தன. வீட்டில் பீடி சுற்றுவோருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்பதை 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏட்டில் இருந்த உரிமைகள் எல்லாம் எல்லோரின் கைக்கும் வந்தன என்று கூற முடியாது. ஆயினும் அப்பெண்ணின் கையில் ஓர் அட்டை இருந்தது. அந்த அட்டை, ‘நீ தொழிலாளி, உன் வீட்டில் நிகழும் உழைப்பை நாடு அறியும்’ என்று சொல்லிற்று.

பட்டாசு செய்யும் வீட்டுக்கு அத்தகைய அட்டை இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. வீட்டில் வெடிமருந்தை அனுமதிக்கும் சட்டம் எந்நாட்டிலும் அறிவுடையதாகாது. அப்படியாயின் வழி என்ன? வேலையைத் தேடி வீட்டுக்குள் மருந்தைக் கொண்டுவரும் பெண்ணை, மருந்து இல்லாத வேலைக்கோ, பாதுகாப்பான கூடத்துக்கோ அழைத்துச் செல்வதே வழி. ஆபீசில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் இருந்தால் தாய் வீட்டில் மருந்து கலக்க வேண்டியதில்லை. வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ கடன் கிடைத்தால் முன்பணத்தின் பிடி தளரும். தீபாவளிக்குப் பின் வரும் வேலையில்லா மாதத்துக்கு மாற்று வருவாய் இருந்தால், கள்ளத்தனமாக வேலை தருவோனின் சொல் எடுபடாது. காவலர் சோதனை தேவையே. ஆனால் சோதனை மட்டும் செய்தால் மருந்து இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவே.

பட்டாசு விபத்துகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவை ஏற்பதாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்து, முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கியது. வரவேற்க வேண்டிய செயல். இறந்தபின் பிள்ளைக்குத் தரும் இந்தக் கையை, இறவாமல் காக்கும் பொருட்டுத் தாய்க்கும் நீட்டினால் அச்செயல் முழுமையடையும்.

அரசை மட்டும் நோக்கி நிற்பதும் நம் மரபன்று. ஒரு பிடி அரிசியால் பள்ளி எழுப்பிய மண் அது. ஊர்தோறும் உறவின்முறைகளும் ஜமாஅத்துகளும் சங்கங்களும் இருக்கின்றன. திருமணத்தையும் வழக்கையும் அடக்கத்தையும் கவனிக்கும் அவை, தம் தெருவில் எந்த வீட்டில் கடன் நெருக்குகிறது, எந்த வீட்டில் இரவில் மருந்து வந்து இறங்குகிறது என்பதை அதிகாரிகளுக்கு முன்பே அறியும். கண்டும் காணாதிருப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி ஆகாது. வெடித்தபின் ஓடிச் சென்று உயிர் கொடுக்கத் துணியும் மக்கள், வெடிக்குமுன் சென்று ஒரு சொல் சொல்லத் தயங்கலாமா?

நேயர்களே, நம் இல்லத் திருமண ஊர்வலங்களிலும் தேர்தல் வெற்றிகளிலும் பட்டாசு வெடிக்கின்றது. வாங்குவோர் விலை குறைவு என்பதற்காக உரிமமற்ற சரக்கை நாடும்போது, அக்குறைந்த விலையை எங்கோ ஒரு வீடு செலுத்துகிறது. அந்த வீட்டில் நம் பிள்ளைகளின் வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம். கரிசல் மண்ணின் பெண்கள் ஒரு நூற்றாண்டாகத் தம் கையால் குடும்பத்தைத் தாங்கியிருக்கின்றனர். அவர்களின் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை, வெடிமருந்தை அவர்களின் வாசற்படிக்கு வெளியே நிறுத்துவது. இரண்டாவது மரியாதை, அதை நிறுத்தியபின்னும் அவர்களின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது. முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்தால், அது மீண்டும் வாசற்படியைத் தாண்டும் என்பதே தாயில்பட்டி நமக்குச் சொல்லும் வரலாறு.